பின் தோள்

பழந்துணிக் கிடங்கில் பட்டன் வெட்டுகிற பெண்களுக்கு ஆம்பிளைகளின் முகம் தெரியாது. கால்தான் தெரியும். தரையில் சாக்கை விரித்து அவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் எதிரே, மேல்தளத்துக்குப் போகிற பலகை சாய்ந்து கிடக்கிறது. லாரியிலிருந்து இறங்குகிற துணிச் சிப்பம் எல்லாம் அந்தப் பலகை வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். ஒரு தடி, தடியின் நடுவில் கயிற்றில் தொங்குகிற சிப்பம், முன்னால் ஒருவன் தோள், பின்னால் ஒருவன் தோள். பெண்கள் கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டே, நிமிராமலே சொல்லிவிடுவார்கள்: இது நேற்றுக் குடித்துவிட்டு வந்தவன் கால், இது வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் கால் என்று.

அந்தப் பெண்களில் அவள் பார்ப்பது இரண்டு பேரின் கால்களை மட்டும். முன்னால் போவது வீட்டுக்காரர். பின்னால் போவது மகன்.

"உன் வீட்டு மாடும் கன்னும் ஏறுதுடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வாயை மூடாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"ஏறட்டும்" என்றாள் இவள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஈரத்துணி வாடை, யாரோ எந்த ஊரிலோ போட்டுக் கழித்த சட்டைகளின் பழைய வேர்வை வாடை. பலகையில் வீட்டுக்காரரின் குரல் மட்டும் கணீரென்று வந்தது. அவருக்குச் சுமை தூக்கும்போதுதான் பேச்சு வரும்.

"கேட்டீங்களா எல்லாரும்? பெரிய ஊர்ல பெரிய ஃபுட்பால் டீம்ல இவனைக் கூப்பிடுறான். தங்க இடம், சோறு, எல்லாம் அவனே தர்றான். தொரை போக மாட்டாராம். இங்கயே மாவுமில் டீமுக்கு ஆடுறாராம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை! நாலு ஆடு மேயற மைதானத்துல!"

பின்னால் வந்த கால்கள் பலகையின் குறுக்குச் சட்டத்தில் ஊன்றி, கெண்டைச் சதை கல்லாக இறுகி, அடுத்த சட்டத்துக்கு ஏறின. முன்னால் போன கால்கள் சும்மா நடப்பது போல நடந்தன. ஐம்பது தாண்டிய கால்கள்.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்!" என்றார் மேலே போய்ச் சேர்ந்ததும். "என்ன மேஸ்திரி, பாத்தீங்களா? மூச்சு வாங்குதா எனக்கு?"

"உங்களுக்கு எதுக்குண்ணே வாங்கும்" என்றார் மேஸ்திரி. அவர் சொன்ன விதத்தில் ரேடியோவே ஒரு கணம் பேச்சை நிறுத்தினாள். மேஸ்திரிக்குத் தெரியும். கிடங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

அவளுக்குத் தெரிய வந்தது சும்மாட்டில். தடி தோளில் அழுந்தாமல் இருக்க வைத்துக்கொள்கிற துணித்திண்டு அது. இரண்டு பேருக்கும் அவள்தான் தைத்துக் கொடுப்பாள். கிழிசலுக்குக் கிடங்கில் பஞ்சமா? போன மழைக்காலத்துக்குப் பிறகு மகனுடைய சும்மாடு மாதம் ஒன்று கூடத் தாங்கவில்லை. நசுங்கி, தோல்போல இறுகி, நூல் விட்டுவிடும். அப்பனுடையது தைத்த மேனிக்கு உப்பிக்கொண்டே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுசன் தோளுக்குத் தைக்கிறவளுக்கு இது போதாதா? அடுத்த லாரிக்குக் காலைப் பார்க்கவில்லை, தலை நிமிர்ந்து தடியைப் பார்த்தாள். கயிறு நடுவில் இல்லை. மகனின் தோளுக்கு ஒரு சாண் தள்ளித் தொங்கியது சிப்பம். கயிறு நகர்ந்தால் கனம் நகரும். பலகை ஏறுகையில் தானாகவே கொஞ்சம் பின்னால் சறுக்கும். பின்னால் போகிறவன் அதைத் தள்ளித் தள்ளி முன்னே விட வேண்டும், அதுதான் முறை. இவன் இழுத்து இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டிருந்தான்.

அன்று குழாயடியில் வைத்துக் கேட்டாள்.

"எத்தனை நாளாடா?"

"எது?"

"கயிறு."

அவன் வாளியை நிரப்பினான். "அப்பாவுக்குத் தோள் எறங்கிருச்சும்மா. கை தூக்கும்போது பாரு, முகம் ஒரு மாதிரி போகும். வேற ஆளு கூட ஜோடி போட்டாருன்னா ஒரே நாள்ல தெரிஞ்சுரும். சொல்லிக்கில்லித் தொலைக்காத."

"உன் தோள் என்னத்துக்கு ஆகும்? ஆடுற புள்ள நீ."

"ஆடுறது கால்லதானே."

சிரித்தான். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்புதான் அவள் செய்த தப்பு என்று பிற்பாடு பல நாள் நினைத்திருக்கிறாள். அன்றைக்கே போட்டு உடைத்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். ஓர் ஆண்டு ஓடிவிட்டது. பெரிய டீமின் ஆள் வந்து மகன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனான். இடது பக்கத் தடுப்பில் இப்படி ஒரு பையன் இந்த மூலையில் கிடக்கிறானா என்றானாம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வரச் சொன்னான். மாவுமில் டீமின் கோச்சோ, எங்களோடு ஆடுவதென்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போடு, உனக்காக லீக் காத்திருக்காது என்று சொல்லிவிட்டார்.

பலகையில் அவர் சத்தம் போட்ட அந்தப் புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு ராக்கெட் வந்தான். மகனோடு சேர்ந்து ஆடுகிறவன், முன்வரிசை. போன ஆண்டு இதே பெரிய டீமுக்குப் போய், மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பப்பட்டவன். மறுபடியும் போகிறான்.

"வாடா ராக்கெட்டு" என்றார் வீட்டுக்காரர். "தட்டு எடுத்துட்டு உக்காரு. நீயாவது சொல்லு இந்தக் கெணத்துத் தவளைக்கு."

"நான் சொன்னா கேப்பானாப்பா? நானே போயிட்டு முட்டிட்டு வந்தவன்."

"முட்டிட்டுத்தானே வந்த? செத்தா போன? திரும்பப் போறல்ல? அதான் ஆம்பள."

அவள் சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, முட்டையை நான்காக வெட்டி வைத்தாள். ராக்கெட் தன் பங்கைத் தள்ளி வைத்தான். "எனக்கு வேணாம்மா. அங்க தினம் முட்டைதான். தின்னுத் தின்னு முட்டை வாடை அடிச்சாலே வாந்தி வருது."

"அங்க எப்படிடா இருக்கும்?" என்றாள் அவள்.

"எப்படி இருக்கும்? ஒரு ரூம்ல எட்டுப் பேர். எல்லாரும் அவனவன் ஊர்ல ராஜா. அங்க போனா எல்லாரும் பெஞ்சு தேய்க்கிறவன். காலைல எந்திரிச்சா பக்கத்துக் கட்டில் காலியா கெடக்கும். அனுப்பிட்டான்னு அர்த்தம். யாரும் கேக்க மாட்டோம். கேட்டா நம்ம நம்பர் வந்துரும்னு பயம்."

"அப்பறம் எதுக்குடா மறுபடி போற?"

ராக்கெட் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். "இங்க ஞாயித்துக்கிழமை கோல் போடுறேன்மா. போட்டுட்டுத் திரும்பிப் பாத்தா ஒரு நாயி, ரெண்டு பெரியவரு. அங்க பெஞ்சுல உக்காந்திருந்தாலும், எந்திரிச்சு வார்ம்-அப் பண்ணும்போது கூட்டம் கத்தும் பாருங்க. எனக்கு இல்ல, எவனுக்கோ. இருந்தாலும் அந்தச் சத்தம் இருக்கே…"

"கேட்டியா?" என்றார் அவர் மகனைப் பார்த்து.

"கேட்டேன்" என்றான் மகன். "இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கச் சொல்றான். மாவுமில்லுல சம்பளம் உண்டு. காலைல கிடங்கு, சாயங்காலம் பயிற்சி. போதும் எனக்கு."

"என்னடா போதும்? இந்த வயசுல போதுமாம்! உன் வயசுல நான் ஒத்த ஆளா சிப்பத்தை முதுகுல ஏத்திட்டுப் போனவன். இப்பவும் உன்னை முன்னால இழுத்துட்டுப் போறது யாரு? பலகையில யாரு முன்னால போறது? என் முதுகைப் பாத்துக்கிட்டே காலத்தை ஓட்டிரலாம்னு பாக்குற. பயந்தாங்கொள்ளி!"

மகன் தட்டில் கையைக் கழுவினான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். ராக்கெட்டும் பின்னாலேயே போனான். அவர் அவர்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டு, இடது கையால் வலது தோளைப் பிசைந்துவிட்டார். தாம் பிசைந்துகொள்வது அவருக்கே தெரியவில்லை.

சொன்னால் புருசன் ஒடிவான். சொல்லாவிட்டால் பிள்ளை முடங்குவான். எந்தப் பக்கம் பார்த்தாலும் தன் கையால்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு பெண்பிள்ளை என்னதான் செய்வாள்? பாத்திரத்தைத் துலக்கினாள். அடுப்பைத் துடைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மேஸ்திரியின் போன் அவளுக்கு வந்தது. அவர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து அவளிடம்தான் சொல்வார். வீட்டுக்காரர் போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுத் தொலைத்ததிலிருந்து அப்படித்தான்.

"அக்கா, நாளைக்குக் காலைல லாரி ரெண்டு. உங்க ஜோடியை நேரத்தோட வரச் சொல்லுங்க."

"சரி தம்பி" என்றாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். மகன் வாசலில் உட்கார்ந்து காலணியின் ஆணிகளைக் குச்சியால் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

"நாளைக்கு லாரி உண்டாம்மா?"

"இல்லையாம். நீ காலைல மைதானத்துக்குப் போ."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு வராது.

காலையில் மகன் இருட்டோடு கிளம்பிப் போனான். அவர் எழுந்து பார்த்துவிட்டு, "எங்கடி அவன்?" என்றார்.

"ஆடப் போயிருக்கான்."

"லாரி இருக்குன்னு தெரியாதா? திமிரப் பாரு! மாவுமில்காரன் இன்னும் சம்பளமே குடுக்கல, அதுக்குள்ள தொரைக்கு வேலை கசக்குது. போகட்டும். எனக்கு ஜோடியா கெடைக்காது?"

கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த ஒல்லி ஒருவன் ஜோடியில்லாமல் நின்றான். பார்க்க ஈர்க்குச்சி, தூக்கினால் இரும்பு. மேஸ்திரி அவளை ஒரு தடவை பார்த்தார். அவள் கத்தரிக்கோலைப் பார்த்தாள். "சரி, போங்கண்ணே" என்றார் மேஸ்திரி, வேண்டாவெறுப்பாக.

ஒல்லி கயிற்றை முறைப்படி நடுவில் கட்டினான். அவர் வழக்கம்போல முன்னால் நின்று தோள் கொடுத்தார். "தூக்கு!" என்றார். தூக்கினார்கள்.

அந்த ஒரு நொடி அவள் பட்டன் வெட்டவில்லை. கால்கள் தரையில் நடந்தபோதே மாறிவிட்டன. வலது கால் ஊன்ற மறுத்துப் பக்கவாட்டில் பதிந்தது. பலகையின் முதல் சட்டத்தில் ஏறினார். இரண்டாவதில் ஏறினார். வாய் பேசவில்லை. ஒல்லி பின்னாலிருந்து, "என்னண்ணே, கயிறு என் பக்கம் வரலையே, நடுவுலதானே கெடக்கு, நடங்கண்ணே" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது பாவம்.

பாதிப் பலகையில் கால்கள் நின்றன. பாதத்தின் விளிம்பு வெளுத்தது. அவளுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓடினால் தீர்ந்தது, அதைவிட அவருக்கு வேறு அவமானம் வேண்டாம்.

அந்தக் கிடங்கில் ஒரு முறை உண்டு. தரையில் நிற்கும்போது முடியாது என்று சொல்லலாம். கேலி பண்ணி விட்டுவிடுவார்கள். பலகையில் கால் வைத்தவன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னவன் அதற்குப் பிறகு தடி பிடித்ததில்லை.

"எறக்கு" என்றார் அவர்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கிடங்கு முழுக்கக் கேட்டது. ஒல்லி திணறிப்போய், "என்னண்ணே?" என்றான்.

"எறக்குடா."

இரண்டு பேர் ஓடிப்போய் சிப்பத்தைத் தாங்கி இறக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாராவது ஒருவன் சிரித்திருக்கலாம். மேஸ்திரி வந்து, "மழை ஈரம், பலகை வழுக்குதுண்ணே. டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். அவர் டீ குடிக்கப் போனார். திரும்பி வரவில்லை.

மதியம் மகன் கிடங்குக்கு ஓடி வந்தான். வழியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலில் ஆணிக் காலணி. சிமெண்ட் தரையில் டக்டக்கென்று சத்தம். அவளுக்கு எதிரே வந்து நின்றான். மேல்மூச்சு வாங்கியது.

"லாரி இல்லேன்னியே."

அவள் ஒரு ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வீட்டுக்குப் போ. அப்பா இருப்பார்."

"நீ வேணும்னே பண்ணியா?"

"வீட்டுக்குப் போடா" என்றாள் ரேடியோ, முதல் தடவையாக மெதுவாக. "எல்லாரும் பாக்குறாங்க."

அவள் வேலை முடித்துப் போகும்போது வீட்டில் விளக்குப் போடவில்லை. அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். மாவுமில் கோச் சொன்ன நேரம் தாண்டி, இருட்டிவிட்டிருந்தது.

"போகலையா கையெழுத்துப் போட?" என்றாள்.

"அப்பா பேசினார்."

"என்ன சொன்னார்?"

"'எத்தனை நாளா இழுத்துட்டிருந்த'ன்னு கேட்டார். சொன்னேன். அப்பறம், 'இனிமே உனக்கு இங்க ஜோடி இல்ல. காலைல பஸ்ஸு ஏறு'ன்னார். அவ்வளவுதான்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. "பின்னே என்ன? அதான் சொல்லிட்டாருல்ல. கிளம்பு."

"நான் எதுக்கு இங்க இருக்கேன்னு நெனச்சம்மா?"

"அப்பாவுக்காக."

"நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்." காலணியின் நாடாவை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். "இன்னைக்கு அவர் 'போ'ன்னதும் பையைத் தொடவே தோணல. ராக்கெட்டு சொன்னானே, காலிக் கட்டில்… அது ரெண்டு நாளா கண்ணுக்குள்ளயே நிக்குது. எனக்குப் பயம்மா. அப்பா சொன்னது சரிதான். அவர் தோளைச் சாக்கு வச்சு நான் நல்லா ஒளிஞ்சுக்கிட்டேன். இப்ப ஒளிய இடம் இல்லாம பண்ணிட்ட நீ."

அவளுக்கு இது தெரியாது. பிள்ளை அப்பனுக்காகத் தோளைத் தேய்க்கிறான் என்று நினைத்துத்தான் அப்பனைப் பலகையில் நிறுத்தினாள். ஒரு மனுசனை நாலு பேர் முன்னால் ஒடித்துப்போட்டு எடுத்துக் கொடுத்தது, பிள்ளை கேட்காத பொருளா? திட்ட வேண்டும் போலிருந்தது; யாரை என்றுதான் தெரியவில்லை.

"அப்ப இழுத்தது பொய்யாடா?"

"பொய் இல்லம்மா. ரெண்டும்தான்."

அவள் சொன்னாள்: "பயமா இருந்தா இரு. உன்னை யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளல. மாவுமில் கோச்சு கால்ல கையில விழுந்தா சேத்துக்குவார். ஆனா அப்பாவுக்காக இருக்கேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. போறதுன்னா பயந்துக்கிட்டே போ. பயந்தவன் எல்லாம் வீட்லயே இருந்தா பஸ்ஸு காலியாத்தான் ஓடும்."

"திருப்பி அனுப்பிட்டா?"

"ராக்கெட்டு திரும்பி வந்து நம்ம வீட்லதான் சோறு தின்னான். உனக்கா இருக்காது?"

அவள் உள்ளே போய் விளக்கைப் போட்டு, அரிசியைக் களைந்தாள்.

விடிகாலையில் ராக்கெட் தெருமுனையில் நின்று விசில் அடித்தான். மகன் பையோடு வாசலில் நின்றான். முகம் வெளிறி, ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். "வர்றேன்பா" என்றான் கட்டிலைப் பார்த்து. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கினார். இடது கையை. அவள் முனை வரை கூடப் போனாள். பஸ் போன பிறகு பையன்கள் நின்ற இடத்தில் ஈரத் தரை மட்டும் இருந்தது.

திரும்பி வந்தபோது அவர் குளித்து, சட்டை போட்டுத் தயாராக நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வேலைக்கு."

"மேஸ்திரி…"

"பேசிட்டேன். நேத்து டீக்கடையிலயே." செருப்பை மாட்டினார். "உக்காந்து பாக்குற வேலைதான். பாதிக் கூலி. என்ன, உன் பக்கத்துல உக்கார எடம் தருவியா மாட்டியா?"

பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ரேடியோ, "வாங்கண்ணே, இன்னைலேர்ந்து நீங்களும் எங்க கச்சேரியில. ஊர்க்கதை எல்லாம் இனிமே தப்பாது" என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார். சாக்கில் உட்கார்வதற்குள் முழங்கால் இரண்டு தடவை நொடித்தது. எதிரே பலகையில் ஒல்லியும் இன்னொருவனும் ஏறினார்கள். அவர் நிமிரவில்லை. பெரிய கையில் சின்னக் கத்தரிக்கோல் சொன்னபடி கேட்கவில்லை. முதல் சட்டையிலேயே பட்டனோடு துணியையும் சேர்த்துக் கடித்துவிட்டது.

"துணியை வெட்டாதீங்க. நூலை மட்டும்" என்றாள் அவள்.

"ம்."

இன்னொரு சட்டையை எடுத்தார். அதை வெட்டி முடித்தார். அடுத்ததையும் முடித்தார். பிறகு, தலை நிமிராமல், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்:

"மேஸ்திரி போன் உனக்குத்தானே வந்துச்சு?"

"ஆமா."

"அவன்கிட்ட சொல்ல மறந்துட்ட."

அவள் கத்தரிக்கோலை மடியில் வைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"மறக்கலங்க" என்றாள்.

பலகையில் மேலே போனவர்கள் சிப்பத்தைத் தொப்பென்று போட்டார்கள். தூசி இறங்கி அவர் தலையில் படிந்தது. அவர் தட்டிவிடவில்லை. குவியலிலிருந்து ஒரு கால்சட்டையை இழுத்து முழங்காலில் விரித்துக்கொண்டார். அதன் ஜிப்பை மேலும் கீழுமாக இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"இதை எப்படி எடுக்கிறது?" என்றார். "காட்டு."